அண்ணன் தொட்டி

சத்து மாத்திரைக்குப் பாசி வளர்க்கும் தொழிற்சாலை அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். அண்ணன் போன மாதம் மூச்சிளைப்பு முற்றிப் போய்ச் சேர்ந்தான். அவன் பங்கு அண்ணி கைக்கு வந்ததிலிருந்து தம்பிக்கு வயிறு எரிந்தது. அண்ணன் வளர்த்த தொட்டி அழிந்தால் அவள் தானாக விலகிக்கொள்வாள் என்று நம்பினான்.

பாசிக்குச் சோறே கரியமில வாயுதான். பட்டினி போட்டுப் பார்ப்போமே என்று அண்ணன் தொட்டிக்குப் போகும் குழாயைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கி ஆணியில் தொங்கவிட்டான். மறுவாரம் அந்தத் தொட்டிதான் மற்றதையெல்லாம்விடக் கரும்பச்சையாகக் கொழித்திருந்தது.

"குழாயை எவன் மாட்டினது?"

"யாரும் மாட்டல. செத்த மனுஷன் வளத்ததைக்கூட அழிக்கப் பாக்குறியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?" என்றாள் அண்ணி.

அவன் போய்ப் பார்த்தான். குழாயின் முனை ஆணியில்தான் தொங்கியது. ஆனாலும் தொட்டிக்குள் குமிழ்கள் வந்துகொண்டிருந்தன. கொஞ்சம் வந்தன, நின்றன, திணறித் திணறி மறுபடி வந்தன.

"செத்தும் விட மாட்டேங்கிறான்" என்று பல்லைக் கடித்தபடி குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தான். குமிழ்கள் நின்றன.

விரலுக்கு அடியில் அண்ணன் இருமினான்.