ஷூ அடமானம்

"முதல்ல ரெண்டு ஷூவையும் கழட்டிக் குடுப்பா. அப்புறம் மெஷினைத் தொடு."

வாசலில் நின்ற மெக்கானிக் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. குனிந்து கழற்றிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வந்தவர் முகத்தை அவர் பார்க்கவில்லை. மெக்கானிக் என்றாலே அவர் கண் காலுக்குத்தான் போகும்.

"வந்தவர்கிட்ட இதென்னங்க கூத்து?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. அன்னிக்கு நீ உங்க அக்கா வீட்டுல இருந்தே. 'பார்ட் வாங்கிட்டு அரை மணி நேரத்துல வர்றேன்'னு ஒருத்தன் போனான். ஆறு வருஷம் ஆச்சு. ஒத்தை ஷூவை மட்டும் அடமானம் வாங்கினது என் தப்பு. மிச்சத்தை மாட்டிக்கிட்டு நொண்டியடிச்சே ஓடிட்டான். என் சர்வீஸ்ல வண்டி லேட்டா வந்திருக்கு. வராமலே இருந்ததில்லை."

கோபத்தில் நியாயம் இருந்தது. இந்தக் கம்பெனி வாஷிங் மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவர் அவர். அது நின்றுபோன நாளிலிருந்து வீட்டுத் துணி மொத்தமும் அவர் கையால்தான் வெளுக்கிறது. மனைவி போட்ட சட்டம் அப்படி. போர்வையைப் பிழியும்போதெல்லாம் கம்பெனி முதலாளியின் கழுத்தைத்தான் நினைத்துக்கொள்வார்.

மெக்கானிக் வழி கேட்காமல் பின்கட்டுக்குப் போனார். மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து புது மோட்டாரை எடுத்து வைத்தார்.

கார்டுக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"பார்க்காமலே கண்டுபிடிச்சிட்டியேப்பா. கம்பெனி திருந்திடுச்சு போலிருக்கே?"

"எங்க கம்பெனியில சொன்னா சொன்னதுதான் சார்."

"இதையேதான் அவனும் சொன்னான்."

மெக்கானிக் எதையோ தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

இருபதே நிமிடம். மெஷின் சமர்த்தாகச் சுற்றியது. கார்டு போட்டிருந்த சட்டையையே கழற்றி உள்ளே போட்டு, அது உருளுவதைப் பேரக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தன் ஏமாத்தினான்னு எல்லாரையும் சந்தேகப்படக் கூடாது" என்றார், யாரோ சந்தேகப்பட்டதுபோல.

மனைவி டீ கொண்டுவந்தாள். "நல்ல காரியம் பண்ணீங்க. கம்பெனிக்கு எப்ப போன் போட்டீங்க?"

"நானா? நீ போடலையா?"

அவளும் விழித்தாள். சரி, நல்லது நடந்தால் கிளறக் கூடாது என்று கார்டு பீரோவைத் திறந்து, ஷூ இரண்டையும் துடைத்து, மரியாதையாக நீட்டினார். மெக்கானிக் மாட்டிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை. கை நீண்டபடியே இருந்தது.

"இன்னும் என்னப்பா?"

"அந்த இன்னொரு ஷூவையும் குடுத்துடுங்க சார். பார்ட் நேத்துதான் வந்துச்சு."