எரியும் பனி

கடலடியைத் துளைத்து எடுத்த பனிக்கட்டியை ஆய்வாளர் பூங்கோதை எவர்சில்வர் தட்டில் ஏந்தி நின்றாள். ஆராய்ச்சிக் கப்பலைப் பார்வையிட வந்திருந்த எரிவாயு நிறுவனத் தலைவர் குலசேகரன் தீக்குச்சியைக் காட்டியதும், அது கற்பூரம்போல் பற்றிக்கொண்டது.

"உள்ள மீத்தேன் இருக்கு சார். அஞ்சரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமி திடீர்னு சூடானதுக்கு இது காரணமா இருக்கலாம். எரிமலைன்னும் சொல்றாங்க. எதுன்னு தெரிஞ்சுக்கத்தான் தோண்டினோம்."

"எதுவா இருந்தா என்னம்மா? நம்ம கடல்ல எவ்வளவு இருக்கு?"

இத்தனை வருடத்தில் அவளிடம் ஆர்வமாக யாரும் எதுவும் கேட்டதில்லை.

"நிறைய இருக்கு சார்" என்றாள். குரலில் பெருமைகூட இருந்தது.

குலசேகரன் செருப்பைக் கழற்றினார். இரு கைகளையும் சுடர்மேல் காட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கூட வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டே போனாள்.

கடைசி ஆளிடம் போவதற்குள் சுடர் அணைந்துவிட்டது. தட்டில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

"இன்னொண்ணு ஏத்தும்மா" என்றார்.

ஆய்வுக்கென்று பத்திரப்படுத்தியிருந்த கட்டியை எடுக்க, பூங்கோதை குளிர்பெட்டியைத் திறந்தாள்.