காலமானவர்கள்

மாநகராட்சியின் பழைய கட்டடத்து வாசலில் திரையை விலக்கியதும் புதிய பித்தளைத் தகடு வெயிலை எல்லோர் முகத்திலும் அடிக்கிறது. கைதட்டல் ஓயும் முன்பே கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஒரு பெண் படியேறி வருகிறாள். இதே படியில்தான் சில வருடங்களுக்கு முன் நடந்த தண்ணீர்ப் போராட்டத்தில் அவளுடைய தம்பி போலீஸ் குண்டு பட்டு விழுந்தான். தகட்டில் அவன் பெயர் இருக்கிறது. அதற்கு மேலே 'போராட்டத்தின்போது காலமானவர்கள்' என்று பொறித்திருக்கிறார்கள். "காலமானானா? என் தம்பி என்ன சக்கரை வியாதியிலயா செத்தான்? சுட்டுல்ல கொன்னீங்க!" மேயர் கேமராக்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறார். "விழா முடியட்டும்க்கா, உள்ள போய்ப் பேசிக்கலாம்." "யாருக்கு யாருடா அக்கா? என்னை அக்கான்னு கூப்பிட்டவனைத்தான் இங்கயே சாய்ச்சிட்டீங்களே!" மேயரின் சிரிப்பு உதட்டிலேயே காய்கிறது. அவள் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை உருவி, அந்த ஒரு வார்த்தையின் மேல் வைத்து அழுத்தி இழுக்கிறாள். பித்தளை கிறீச்சிடுகிறது, கேட்பவர்களுக்குப் பல் கூசுகிறது. பெண் காவலர் ஒருவர் ஓடிவந்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறார். பிடித்த கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சாவி மறுபடி அந்த எழுத்துகளின் மேல் போகிறது.