பதினான்கு போல்ட்டுகள்

காலை எட்டு மணி, பதினான்கு போல்ட்டுகள், வால்டர் ஷிமான்ஸ்கி.

அந்த ஆண்டு பிப்ரவரி முழுக்க ஹாம்ட்ராமிக் ஊரில் சனிக்கிழமை என்றால் இதுதான். பெர்னிஸ் கூபியாக்கின் கேரேஜில், ஐம்பத்தேழாம் வருடத்து வெளிர்நீலக் காருக்கு அடியில், உறைந்து கிடக்கும் சிமென்ட் தரையில் வால்டர் மல்லாந்து படுத்திருப்பார். கியர்பாக்ஸின் ஆயில் சட்டியைக் கழற்றுவார். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றுவார். பதினான்கு போல்ட்டையும் திரும்ப மாட்டுவார்.

புதன்கிழமை பெர்னிஸிடமிருந்து போன் வரும்.

"வால்டர், மறுபடியும் ஒழுகுது."

காருக்கு அடியில் விரித்த அட்டையில் சிவப்பாக நாலைந்து சொட்டு கியர்பாக்ஸ் ஆயில். அவ்வளவுதான்.

பழைய கார் சங்கத்தில் எல்லோருக்கும் எரிச்சல். வால்டருக்கு அக்டோபரில் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கைக்குப் பாதி பலம்தான் திரும்பியது. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு அக்கார்டியன் வாசித்த மனிதர். இப்போது சட்டைப் பொத்தான் போடவே மகள் வர வேண்டும். அக்கார்டியன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்படிப்பட்டவரைக் குளிரில் படுக்கப்போட்டு வேலை வாங்க அந்தம்மாவுக்கு எப்படி மனசு வருகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

சங்கத் தலைவர் ரேமண்ட் டூடெக் தன் செலவில் வேறு மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொல்லிப் பார்த்தார். பெர்னிஸ் கேட்கவில்லை. தன் வீட்டுக்காரர் இருந்தவரை வால்டரைத் தவிர இந்த வண்டியில் யாரும் கை வைத்ததில்லை, இனியும் வைக்க வேண்டாம் என்றுவிட்டார். சனிக்கிழமைகளில் தான் தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்வரை வேலை நிற்கக் கூடாதென்று கேரேஜின் இன்னொரு சாவியை வால்டரிடமே கொடுத்தும் வைத்திருந்தார்.

"நல்ல பக்திதான்," என்றார் ரேமண்ட். "இந்தம்மா அங்க முழங்கால் போடுறதுக்குள்ள இங்க ஒருத்தர் முதுகு விறைச்சுப் போகணும்."

மார்ச் முதல் சனிக்கிழமை ரேமண்டே உதவிக்குப் போனார். உதவ விட்டால்தானே. போல்ட் விரலில் நிற்காமல் நழுவும். வால்டர் தரையைத் தடவித் தேடி எடுப்பார். மறுபடியும் நழுவும். ரேமண்ட் கையை நீட்டினார்.

"கையை எடுய்யா. உன் வண்டிக்கு நான் பார்த்த வேலையெல்லாம் நீயா மாட்டிக் குடுத்தே?"

மத்தியானம் வேலை முடிந்தது. அதன் பிறகு ரேமண்ட் சட்டியைச் சுத்தமாகத் துடைத்து, விளிம்பு முழுக்கக் குழந்தைப் பவுடரைத் தூவினார். எந்த இடத்தில் கசிகிறதோ அங்கே வெள்ளையில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். கசிவைப் பிடிக்கப் பழைய வழி.

வால்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் பொண்ணுக்குக்கூட நான் இவ்வளவு பவுடர் போட்டதில்ல," என்றார்.

புதன்கிழமை போன் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பெர்னிஸ் பூசைக்குக் கிளம்பும் முன்பே ரேமண்ட் போய்விட்டார். கேரேஜைத் திறக்கச் சொல்லி, டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தார். அட்டையில் சிவப்புச் சொட்டுகள். நேர் மேலே சட்டியின் விளிம்பில் பவுடர், தூவியது தூவியபடி, வெள்ளை வெளேரென்று.

வெளியே வந்தபோது பெர்னிஸ் காபியோடு நின்றிருந்தார்.

"சட்டி ஒழுகலம்மா," என்றார் ரேமண்ட். "அட்டைதான் ஒழுகுது."

பெர்னிஸ் காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அலமாரியில் துணிக்குப் பின்னால் இருந்த ஆயில் டப்பாவைக் காட்டினார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"முதல் வாரமே சரியாயிடுச்சு. வால்டர் கை வெச்சு எந்த ஒழுக்கு நிக்காம இருந்திருக்கு?"

"பின்ன எதுக்கும்மா அந்த மனுஷனை இந்தப் பாடு படுத்துறீங்க?"

"ஆஸ்பத்திரியில ரப்பர் பந்து ஒண்ணு குடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாங்க. நாய்க்குத் தூக்கிப் போட்டுட்டார். போல்ட்டைப் போடுவாரா? முதல் வாரம் எல்லாம் மாட்டி முடிக்க இருட்டிடுச்சு. போன வாரம் மத்தியானமே எழுந்துட்டார். பக்கத்துலதானே இருந்தீங்க, பாக்கலையா?"

ரேமண்ட் காபியைக் குடித்தார். அவர் பார்த்தது நழுவிய போல்ட்டுகளை மட்டும்தான்.

வெளியே வண்டி வந்து நின்றது. வால்டர் கருவிப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"என்ன, தலைவரே. ஒழுகுதா?"

ரேமண்ட் பெர்னிஸைப் பார்க்கவில்லை.

"ஒழுகுது," என்றார்.

2014 மே 17, சனிக்கிழமை மாலை, தேவாலயக் கூடத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் வால்டர் அக்கார்டியனில் ஒரு முழுப் போல்கா நடன மெட்டை வாசித்தார். சட்டைப் பொத்தான்களை அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் எழுந்து கை தட்டியது. வீட்டுக்குப் போகும் வழியில் பெர்னிஸ் மீதி ஆயிலை டப்பாவோடு ரேமண்டிடம் கொடுத்துவிட்டார். அந்தப் புதன்கிழமை போன் போகவில்லை.

மே 24, சனிக்கிழமை. பெர்னிஸ் பூசை முடிந்து வந்து பார்த்தபோது கேரேஜ் திறந்திருந்தது. புது அட்டையில் நாலைந்து சிவப்புச் சொட்டு. பக்கத்தில் வால்டரின் கருவிப் பெட்டியில் புதிதாக ஒரு ஆயில் டப்பா. வால்டர் காருக்கு அடியில் படுத்து, முதல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.