இரண்டு கையும் அக்கோடியனில்

நோர்வூட் மாதா கோயில் திருநாள் சாயங்காலம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தை மூடுபனி உரசிக்கொண்டு நிற்கிறது. பவுலினின் கடையில் தேங்காய் ரொட்டியும் அன்னாசி வைனும் சீந்துவாரில்லாமல் இருக்கின்றன. சனமெல்லாம் மைதான மூலையில் அக்கோடியனில் பைலா ஆட்டப்பாட்டு வாசிக்கும் அவள் புருஷன் கஸ்பரைச் சுற்றி நிற்கிறது. "இந்தாங்க, பாட்டை இங்கிட்டு ஓட்டிக்கிட்டு வாங்க, ரொட்டி தர்றேன்" என்கிறாள். அவர் வாசித்தபடியே வருகிறார். கூட்டமும் பின்னாலேயே வந்து ரொட்டியை மொய்க்கிறது. "எங்கடி என் கூலி?" "எடுத்துத் தின்னுங்க." "கையை எடுத்தா பாட்டு நிக்கும். பாட்டு நின்னா இவங்க போயிருவாங்க." பவுலின் பேரத்தில் தோற்றவளாக அவரை முறைக்கிறாள். பிறகு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு, கல்யாணத்தன்றுகூடச் செய்யாத காரியமாக, ஊர் பார்க்க ஊட்டிவிடுகிறாள். விசில் பறக்கிறது. "மெதுவா மெல்லுங்க," என்று வைன் கிளாஸை அவர் உதட்டில் வைக்கிறாள், "பாட்டு தடுமாறுது."