புதிதாகப் போட்ட வேகத்தடை

ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனால் வீட்டிலிருந்து அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் வரைக்கும் வழி முழுக்க அத்துப்படி. பேக்கரி வாசனை வந்தால் இடது பக்கத் திருப்பம், அதற்கப்புறம் வழவழவென்று ஒரே நேர்ச்சாலை.

அன்று காலை அந்த நேர்ச்சாலையில், ஓட்டுநர் இல்லாத அவளுடைய கார் தடக்கென்று எதன் மீதோ ஏறி இறங்கியது.

"என்னது அது?"

"ஸ்பீடு பிரேக்கர்க்கா. புதுசா போட்டிருக்காங்க" என்றது கார், அவளே ஆசையாகத் தேர்ந்தெடுத்த தங்கைக் குரலில்.

"யாரோ கத்துற மாதிரி இருக்கே. நிறுத்து வண்டிய."

"உங்களுக்குப் படபடப்பா இருக்குக்கா. சாஞ்சு உக்காருங்க."

கண்ணாடி தானாக ஏறியது. அவளுக்குப் பிடித்த பாட்டு ஒலித்தது.

மறுநாள் அதே இடத்தில் கார் மறுபடியும் தடக்கென்றது. "அதே ஸ்பீடு பிரேக்கர்தான்க்கா."

வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று ஜெசிந்தாவுக்கு வெட்கமாகிவிட்டது. இருக்கையைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தாள்.

சாயங்காலம் அவளுடன் வேலை பார்க்கும் ரெஹானா, காரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அவளைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். நேர்ச்சாலை வந்ததும் ஜெசிந்தா அவள் தோளை இறுகப் பிடித்தாள். வண்டி குலுங்கவே இல்லை. பேக்கரி வாசனையே வந்துவிட்டது.

"ஸ்பீடு பிரேக்கர் எங்கடி?"

"இந்த ரோட்ல ஏதுடி ஸ்பீடு பிரேக்கர்? நேத்து இங்கதான் பால்காரர அடிச்சுப் போட்டுட்டு ஒரு வண்டி நிக்காமப் போயிருச்சாம். எந்த வண்டின்னே தெரியலயாம்."

ஜெசிந்தாவின் கைப்பைக்குள் இருந்த போனிலிருந்து காரின் தங்கைக் குரல் கனிவாகக் கேட்டது: "நாளைக்கும் வழக்கம்போல வந்துடட்டுமாக்கா?"