தேவசகாயத்துக்கு ஈடாக

ராணுவத்துக்கு ஒதுக்கும் பணத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று வருடக்கணக்காகத் தொண்டை வற்றப் பேசிய தேவசகாயம், வாக்கெடுப்பு நாளில் நெஞ்சில் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவரைப் பீரங்கித் தரகர் என்று சபையில் கிழித்துத் தொங்கவிடும் எதிர்க்கட்சி மங்கையர்க்கரசி, கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஓர் உறுப்பினர் நோயில் விழுந்தால் எதிரணியில் ஒருவர் ஈடாக ஓட்டுப் போடாமல் வெளியே இருந்துவிடுவது அந்தச் சபையின் பழைய வழக்கம். ஆனால் இன்று ஒரே ஓட்டில் எல்லாம் மாறிவிடும். வராதவருக்குக் கட்சியில் இடமில்லை என்று மங்கையர்க்கரசியின் தலைவர் சொல்லிவிட்டார். மங்கையர்க்கரசியின் மடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"போய் ஓட்டப் போடு தாயி. உன்ன நீக்கிருவாங்க."

"நீங்க எந்திரிக்க முடியாம கெடக்கையில ஜெயிச்சு நான் என்ன பண்ண? சாப்பிடுங்கண்ணே."

"நான் ஜெயிச்சுட்டா?"

"அடுத்த வருசம் பேசியே நாறடிக்கிறேன்."

முந்தின நாளெல்லாம் சபையில் கத்திய அசதி. கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே மங்கையர்க்கரசிக்குக் கண் செருகியது. தேவசகாயம் யோசித்தார். தானும் சபைக்குப் போய்விட்டால் அவரும் போகலாம். ஓட்டுக்கு ஓட்டு சரியாகிவிடும், அவருக்குக் கட்சியும் மிஞ்சும். நர்ஸைச் சைகையால் கூப்பிட்டு, "பாத்ரூம் போகணும், சத்தங்காட்டாம சக்கர நாற்காலி கொண்டாம்மா" என்று பொய் சொன்னார். தையல் சுண்டி இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நர்ஸ் தள்ளினாள். நாற்காலி நகரவில்லை. கண்ணைத் திறக்காமலே மங்கையர்க்கரசி ஒரு காலை நீட்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தார்.